சாட்டிக் கடற்கரையில் ஒரு மாலைப்பொழுது

யாழ்ப்பாணத்தார் கடலைக் காண நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. குடாநாட்டின் எத்திசை நோக்கிச் சென்றாலும் சிறிது நேரத்தில் உப்புக்காற்று முகத்திலே வந்து மோதும். ஆயினும் கடலைக் காண்பது வேறு. கடற்கரையிலே குடும்பத்துடன் அமர்ந்து ஒரு மாலைப்பொழுதை அமைதியாகக் கழிப்பது வேறு. காரைநகரிலுள்ள கசூரினாக் கடற்கரை நாடெங்கும் பெயர் பெற்றது. விடுமுறைக் காலங்களில் தென்னிலங்கையிலிருந்தும் பலர் அங்கு வந்து கூடுவர். ஆடி அமாவாசையன்று கீரிமலையில் திரளும் அடியார் கூட்டத்தைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. இவற்றைப்போல் ஆரவாரமான புகழ் எதுவுமின்றி, அயலூர் மக்கள் தம் வீட்டு முற்றம்போலக் கொண்டாடிவரும் ஒரு கரை உண்டு. அதுவே வேலணைத் தீவிலுள்ள சாட்டிக் கடற்கரை.

சென்ற சித்திரை விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல் நாம் அங்குச் சென்றிருந்தோம். எம்முடன் துணைவியாரும், மகளும், கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மருமகனும் இருந்தனர். மருமகனுக்கு வயது ஒன்பது. கண்ணிற் பட்டவற்றையெல்லாம் கேள்வியாக்கும் பருவம். காலாற நடந்து, காற்று வாங்கி, இருட்டுமுன் வீடு திரும்புவதொன்றே எமது எண்ணமாயிருந்தது. திரும்பியபோதோ, நாம் கொண்டுசென்ற எண்ணத்தினும் பெரிய தொன்றைக் கொண்டுவந்தோம். அதனை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ளும் நோக்குடனேயே இதனை எழுதலானோம்.

பண்ணை கடந்து

யாழ் நகரிலிருந்து சாட்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையை ஒரு பக்கத்தே விட்டுப் பண்ணைப் பாலத்தில் ஏறினால், இருமருங்கும் பரவைக்கடல் பளிங்குத் தட்டாய் விரிகின்றது. முழங்காலளவு நீரிலே சிறகுவலைக் கம்புகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் உச்சியிலே நீர்க்காகங்கள் இறகை விரித்து வெயில் காய்கின்றன. வலையைப் பார்க்கச் செல்பவர் கடலிலே நடந்தே செல்வதைக் கண்ட மருமகன், “மாமா, இது கடலா, குளமா?” என்று வியந்தான்.

மண்டைதீவுக்குப் பிரியும் வழியைக் கடந்து அல்லைப்பிட்டியை அடைந்தபோது எதிரே ஒரு பவுசர் வந்தது. பின்புறக் குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே சென்றது. “இது எண்ணெய் வண்டியா?” என்றான் சிறுவன். “இல்லை, குடிதண்ணீர் வண்டி” என்றோம். அவன் வண்டியின் இருபுறமும் நோக்கினான். இப்புறமும் நீர், அப்புறமும் நீர். “சுற்றிவரத் தண்ணீராய் இருக்கிறதே! பிறகேன் தண்ணீரை வண்டியிற் கொண்டுபோகிறார்கள்?” என்று கேட்டான்.

“கடல்நீர் குடிக்க உதவாதல்லவா?” என்று சொல்லி அவன் வாயை அடைத்தோம். விடை பிழையன்று, ஆனால் முழு விடையுமன்று. மீதி விடை சாட்டி மணலிலே எமக்காகக் காத்திருந்தது.

அல்லைப்பிட்டிக்கு அப்பால் மண்கும்பான் என்னும் ஊர். பெயரிலேயே அதன் இயல்பு தெரிகின்றது. வழியோரத்துப் பனைகளுக்கிடையே மணல் மேடிட்டுக் கிடக்கின்றது. ஒல்லாந்தர் இத்தீவுக்குத் தம் நாட்டு நகரொன்றின் பெயரைச் சூட்டி லைடன் என்றழைத்தனர். அப்பெயர் ஏடுகளோடு நின்றுவிட்டது. மண்ணைப் பார்த்து மக்கள் இட்ட பெயரோ இன்றும் நிலைத்து நிற்கின்றது.

வெண்மணற் கரை

பெருந்தெருவிலிருந்து இடப்புறமாகத் திரும்பிச் சிறிது தூரம் சென்றதும் சாட்டிக் கரை கண்ணெதிரே தோன்றியது. இங்கே வானளாவும் மாளிகைகள் இல்லை. வண்ண விளக்குகளும் இல்லை. வெண்மணல், அதன்மேல் பச்சைப்பாய் விரித்தாற்போல அடம்பன் கொடி, அப்பால், அலையென்று சொல்ல நாணும் சிற்றலைகளையுடைய நீலக் கடல். நெடுந்தூரம் சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாத ஆழங்குறைந்த கரையாதலால், தாய்மார் அஞ்சாது பிள்ளைகளைக் கைப்பிடித்து இறக்குகின்றனர். வைகாசிக்குப் பின் சோழகம் எழுந்தால் கடலும் சற்றே குரலெழுப்பும். நாம் சென்றது சித்திரையாதலின் அது உறங்கும் குழந்தைபோற் கிடந்தது.

அன்று வந்திருந்தோர் பெரும்பாலும் அயலூரவரே என்பது அவர்கள் ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லி அழைத்ததிலிருந்து விளங்கியது. ஒரு குடும்பத்தார் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி ஒடியற்கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தனர். மீனும் நண்டும் பயற்றங்காயும் கூடிக் கொதிக்கும் மணம் கரையெங்கும் பரவியது. பனையோலையைக் கோலிப் பிளா செய்துகொண்டிருந்த முதியவர், “கொஞ்சம் பொறுங்கோ, கூழ் இறங்கப்போகுது. குடிச்சிட்டுத்தான் போகவேணும்” என்று முன்பின் அறியாத எம்மையும் உபசரித்தார். இளைஞர் சிலர் இரு கம்புகளுக்கிடையே வலை கட்டிக் கரப்பந்து ஆடினர். கச்சான் விற்பவர் சுருளைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு மூதாட்டி, பேரன் ஒருபுறமும் பேத்தி ஒருபுறமும் தாங்க, கணுக்காலளவு நீரில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அவர் எதை நினைத்தாரோ, அறியோம்.

கரையை அடுத்துச் சிந்தாத்திரை மாதா ஆலயம் உள்ளது. ‘சிந்து’ என்பது கடல், ‘யாத்திரை’ என்பது பயணம். கடற்பயணஞ் செய்வோரைக் காப்பவள் என்று அப்பெயருக்கு விளக்கம் கூறுவர். கடலை நம்பி வாழ்வோர் கரையிலே கைகூப்பும் இடம் அது. சமய வேறுபாடின்றிப் பலரும் அதனருகே சற்று நின்று செல்வதைக் கண்டோம்.

இவ்வமைதி எந்நாளும் இருந்ததன்று. 1990ஆம் ஆண்டிலே போர் காரணமாகத் தீவுப்பகுதி மக்களிற் பெரும்பாலோர் வீடுவாசல் விட்டு வெளியேறினர். பண்ணைப் பாலத்திற் போக்குவரவு நின்றது. பல ஆண்டுகள் இம்மணலிற் பிள்ளைகளின் காலடி பதியவில்லை. இன்று கூழ்ப்பானையைச் சூழ்ந்திருந்து சிரிப்போரைக் காணும்போது, ஒரு மாலைப்பொழுதின் சாதாரண மகிழ்ச்சியும் எத்துணை அரியது என்பது புலனாகும்.

ஒரு பை மணல்

வெயில் தாழத் தொடங்கியது. புறப்பட ஆயத்தமானபோது மருமகனைக் காணோம். சற்றுத் தேடியபின், கரைக்குப் பின்புறத்தே மணல்மேட்டின் சரிவிற் குந்தியிருந்தான். அவன் கையில் ஒரு பை. அது நிறைய வெண்மணல். கொழும்பு வீட்டிலுள்ள மீன்தொட்டியின் அடியிற் பரப்புவதற்காம்.

அவனருகே ஓர் ஆச்சி நின்றார். இடுப்பிற் குடம், தலையிற் சீலைத் தலைப்பு. சற்றப்பாலுள்ள மணற்கிணற்றில் நீர் அள்ளிக்கொண்டு வீடு திரும்பும் வழியில் நின்றவர் என்று தெரிந்தது.

“ராசா, என்ன உது பைக்குள்ளை?”

“மணல், அம்மம்மா. மீன்தொட்டிக்கு.”

“எங்கை கொண்டுபோறியள்?”

“கொழும்புக்கு.”

ஆச்சி சிரித்தார். சிரித்துக்கொண்டே, “அதைத் திரும்ப அதிலையே கொட்டிவிடு ராசா. உது மணல் இல்லை; எங்கடை தண்ணிக்குடம்” என்றார்.

நாம் இடையிற் புகுந்தோம். “சின்னப்பிள்ளை ஆசையாய் எடுத்திட்டான், ஆச்சி. ஒரு பை மணல்தானே?”

ஆச்சி எம்மை ஏற இறங்கப் பார்த்தார். சினம் இல்லை, ஆனால் அப்பார்வையில் ஒரு நீண்ட கணக்கு இருந்தது. “றைக்ரர்காரனும் முதல்நாள் உப்பிடித்தான் சொன்னவன், தம்பி. ஒரு லோட்தானே எண்டு.”

எமக்கு மறுமொழி தோன்றவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் தம் கிணற்றின் கதையைச் சொன்னார்.

அவர் மணமுடித்து இங்கு வந்த காலத்தில் வளவுக் கிணற்று நீர் இளநீர் போன்றிருந்ததாம். 1990இல் ஊரோடு அவரும் வெளியேறினார். ஆண்டுகள் பல கழித்துத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கிணறு குப்பையும் இடிந்த கல்லுமாய்க் கிடந்தது. கூரை போடுமுன்பே கிணற்றை இறைப்பித்தாராம். மூன்றாம் நாள் ஊறிய நீரைக் கையிலேந்திக் குடித்துப் பார்த்தார். “பழைய ருசிதான் தம்பி. அப்பதான் ஊருக்கு வந்திட்டன் எண்டு மனம் நம்பினது” என்றார்.

பின்பு சில ஆண்டுகளில் அடுத்த வளவிலிருந்த மணற்பிட்டி வீடு கட்டும் தேவைகளுக்காக அள்ளப்பட்டது. பிட்டி இருந்த இடத்திற் பள்ளம் தோன்றியது. அடுத்த கோடையிலே கிணற்று நீர் நாவிற் கரித்தது. அதற்கடுத்த கோடையில் உலை வைக்கவும் உதவாது போயிற்று. “போரிலையும் கெடாத தண்ணி, மண் அள்ளினதிலை கெட்டுப்போச்சு” என்று கூறி ஆச்சி குடத்தை மீண்டும் இடுப்பில் ஏற்றினார்.

மருமகன் அவர் முகத்தையும் எம் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, ஒருவரும் சொல்லாமலே, பையைக் கவிழ்த்தான்.

மணலடியில் ஒரு குடம்

‘மணல் எங்கள் தண்ணீர்க்குடம்’ என்று ஆச்சி சொன்னது வெறும் உவமையன்று. நிலநூலார் ஒப்புக்கொள்ளும் உண்மை. மாணவர் பொருட்டு அதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிற் பெய்து ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களுக்கு நிலத்தடி நீரே கதி. தீவிலோ சுற்றிலும் கடல். நிலத்தின் கீழும் பக்கங்களிலிருந்து கடல்நீர் ஊடுருவி நிற்கின்றது. அவ்வாறாயின் நன்னீர் எங்கே தங்குகின்றது?

கடல்நீர் உப்பைக் கொண்டதாதலின் நன்னீரினும் பாரமானது. நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். ஆகவே மணலிலே இறங்கும் மழைநீர், கீழேயுள்ள உப்புநீரோடு எளிதிற் கலந்துவிடாது அதன்மேல் மிதக்கின்றது. நடுவிலே தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும், ஒரு வில்லையின் வடிவில் அது நிலத்துள்ளே அமைந்திருக்கும். 40 அடி கடல்நீர் எவ்வளவு பாரமோ அவ்வளவு பாரம் 41 அடி நன்னீருக்கு உண்டு. ஆதலால், கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதன் கீழே 40 அடி ஆழம் வரை நன்னீர் இருத்தல் கூடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து நாட்டவராகிய கைபன் என்பாரும், 1901ஆம் ஆண்டில் யேர்மனியராகிய ஹெர்ஸ்பேர்க் என்பாரும் தனித்தனியே இக்கணக்கைக் கண்டறிந்தனர். கடலோர மணலிலும் கடல் சூழ்ந்த தீவிலும் கிணறு தோண்டிய இடத்தே எழுந்த ஐயமே அவர்களை இவ்வாராய்ச்சியில் ஈடுபடுத்தியது.

இக்கணக்கின் மறுபக்கமே அச்சம் தருவது. மேலே நிற்கும் நன்னீர் 1 அடி தாழ்ந்தால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழ வழியுண்டு. மேலே நாம் இழப்பது ஒரு சாண். கீழே எழுவது பல முழம். கிணறு ஒரு கோடையிற் கரித்து மறுகோடையிற் பாழாவதன் மருமம் இதுவே.

இவ்வேற்பாட்டில் மணலுக்குள்ள பங்கு யாது? மணல்மேடு மழைநீரை ஓடவிடாது உடனே உறிஞ்சுகின்றது. உறிஞ்சியதைப் பருக்கைகளினூடே வடித்துக் கீழே அனுப்புகின்றது. மேலேயுள்ள உலர்ந்த மணற்படை ஒரு போர்வைபோல நின்று வெயில் நீரைக் குடித்துவிடாது காக்கின்றது. மேடு உயர்ந்திருப்பதனால் உள்ளே நீரும் சற்று உயர்ந்து நிற்கின்றது. அம்மேட்டை அள்ளிப் பள்ளமாக்கினால், குடத்தின் கழுத்தை உடைத்தவராவோம். பள்ளம் நீர்மட்டத்தைத் தொட்டுவிட்டாலோ, குடத்தை வெயிலிலே திறந்து வைத்தவராவோம்.

சாட்டிப் பகுதியின் நன்னீர் அவ்வூரவர்க்கு மாத்திரம் உரியதாயிருக்கவில்லை. உவர்நீர்க் கிணறுகளே மிகுந்த தீவின் பிற இடங்களுக்கும் இங்கிருந்து குடிநீர் கொண்டுசெல்லப்பட்டு வந்துள்ளது. ஆகவே இம்மணல் ஓர் ஊரின் சொத்தன்று. பல ஊர்களின் அடுப்படிப் பானை.

பிள்ளைகள் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் அரைப்பங்கு நீர் எடுத்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துத் தெளிய விடுக. வேறொரு பாத்திரத்திலுள்ள நன்னீருக்குச் சிறிது மஞ்சட்டூள் சேர்த்து நிறமூட்டுக. கரண்டியின் முதுகை உப்புநீரின் மேற்பரப்போடு பொருந்தப் பிடித்து, நிறநீரை அதன்மேல் மிக மெல்ல வார்த்திடுக. மஞ்சள் நீர் மேலேயும் உப்புநீர் கீழேயுமாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். இனி ஒரு குழாயை மேல்நீரில் வைத்து விரைவாக உறிஞ்சிப் பார்த்தால், சிறிது நேரத்தில் நாவிற் படுவது உப்பே. தீவுக் கிணற்றுக்குப் பெரும் பொறி பூட்டி இரவுபகலாக இறைத்தால் நேர்வதும் இதுவே.

நெய்தல் சொல்லும் பாடம்

இத்தீவின் கரம்பொன் என்னும் ஊரிலே 1913ஆம் ஆண்டு பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை பெற்றிருந்த இடத்தை ஆராய்ந்து உலகோர்க்கு எடுத்துக்காட்டியவர். 1964ஆம் ஆண்டில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தவர். நெய்தல் நிலத்திற் பிறந்த ஒருவர் திணைகளின் அழகை உலகுக்கு உரைத்தது பொருத்தமேயன்றோ!

ஐந்திணைகளின் கருப்பொருள்களைப் பள்ளியிலே மனனஞ் செய்த மாணவர்கள் நெய்தலுக்குரிய நீர் யாது என்று நினைத்துப் பார்க்கட்டும். மணற்கிணறும் உவர்க்கழியும் என்பதே அதற்கு விடை. பரீட்சைக்காக இதனைப் பல தடவை எழுதியிருப்போம், பொருளை எண்ணியிருப்போமா? நன்னீர் தரும் மணற்கிணற்றையும் உப்புநீர் தேங்கும் கழியையும் எம் முன்னோர் அருகருகே வைத்து எண்ணினர். கடற்கரை வாழ்வு இவ்விரண்டுக்கும் இடையே நடப்பது என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். ஒன்று மற்றொன்றாக மாறிவிடாது பார்த்துக்கொள்வதே அந்நிலத்து மக்களின் அறிவுடைமை.

வள்ளுவரும் கல்வியின் இயல்பை விளக்கவந்தவிடத்து மணற்கேணியையே உவமையாகக் கொண்டார். தோண்டும் அளவுக்கு நீர் பெருகுவதுபோலக் கற்கும் அளவுக்கு அறிவு பெருகும் என்பது அவர் கருத்து. கல்விக்கு அது என்றும் பொருந்தும். தீவு மணலிலோ, அளவறியாது தோண்டுவோர்க்கு இறுதியில் ஊறுவது உவரே. எவ்விடத்தில் எவ்வளவு தோண்டலாம் என்றறிவதும் ஒரு கல்வியல்லவா?

அடம்பன் கொடி

கரையிலே நாம் மிதித்துச் செல்லும் அடம்பன் கொடியையும் இங்கு நினைத்தல் வேண்டும். ஊதா நிறப் பூவும் ஆட்டுக்குளம்பு போன்ற இலையும் உடைய இக்கொடி, மணலிலே படர்ந்து கணுவுக்குக் கணு வேரூன்றுகின்றது. காற்று அள்ளிவரும் மணலைத் தடுத்துத் தன் மடியில் இருத்திக்கொள்கின்றது. ஆண்டாண்டாகச் சேர்ந்த அம்மணலே மேடாகின்றது. கூர்முனை இலைகளையுடைய இராவணன்மீசைப் புல்லும் இவ்வேலையையே செய்கின்றது. கரையில் ஒதுங்கும் சாதாளையை அழுக்கென்று எண்ணி முகஞ்சுளிப்போர் உளர். அதுவும் அலைக்கும் மணலுக்கும் இடையே மெத்தைபோற் கிடந்து கரையைக் காக்கின்றது. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று எம்மவர் சொல்லும் பழமொழி ஒற்றுமையின் பெருமை கூறுவது. ஒரு கொடியால் ஆவது சிறிதே. திரண்டு படர்ந்தால் ஒரு தீவின் குடிநீரையே அது காத்துவிடும். அப்பழமொழியின் மறுதலையும் உண்மையாகும்: ஒருவர் அள்ளும் ஒரு பை சிறிதே, அனைவரும் அள்ளினால் மேடு பள்ளமாகும்.

இதற்குச் சட்டமும் துணையாக உண்டு. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரையும் தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றர் வரையும் கரையோர வலயம் என வகுத்து, அதனுள்ளே அனுமதியின்றி அபிவிருத்தி வேலை எதுவும் செய்தலாகாது என்கின்றது. ஆனால் ஒவ்வொரு மணல்மேட்டுக்கும் ஒரு காவலாளியை நிறுத்தல் இயலாது. மேலும், நன்னீரைத் தாங்கும் மணல் 300 மீற்றரோடு முடிந்துவிடுவதுமில்லை. சட்டம் எட்டாத இடத்தை ஊரவரின் கண்ணே காக்கவேண்டும்.

வீடு கட்டுவோருக்கு மணல் வேண்டுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. போரில் இடிந்த வீடுகள் மீண்டும் எழவேண்டியிருந்தன, எழுந்தும் உள்ளன. எனினும் கட்டடத்துக்குக் கருங்கற்றூளையோ வேறிடத்து மணலையோ விலைகொடுத்து வாங்கலாம், வண்டியில் ஏற்றிவரலாம். நன்னீர் தாங்கும் மணல்மேட்டை எந்த வண்டியிலும் ஏற்றிவந்து திரும்ப அமைத்தல் எளிதன்று. வீட்டைக் கட்டிவிட்டுக் கிணற்றை இழந்தவன் அவ்வீட்டில் எவ்வாறு வாழ்வான்?

செல்வோர் கவனத்திற்கு

சாட்டிக்கு யாரும் செல்லவேண்டாம் என்பது எமது கருத்தன்று. செல்லவேண்டும், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லவேண்டும். கண்டு மகிழாத ஒன்றைக் காக்க எவர்க்கும் மனம் எழாது. ஆனால் சிலவற்றை மனத்திற் கொள்வது நன்று. பிளாஸ்ரிக் போத்தலையும் பையையும் கொண்டு சென்றவாறே திருப்பிக் கொண்டு வருக. கூழ் காய்ச்சுவோர் அடம்பன் படர்ந்த மேட்டிலன்றி, அலைக்கரையை அண்டிய வெறுமணலிலே அடுப்பு மூட்டுக; சாம்பலை நீரூற்றி அணைத்துவிட்டே எழுக. மணற்கிணற்றண்டை சவர்க்காரமிட்டுக் குளித்தலும் துவைத்தலும் ஆகா. மணலில் ஊற்றியது யாவும் குடத்திலேயே சென்று சேரும். உடைந்த போத்தல் ஒரு பிள்ளையின் காலை வெட்டும் என்பதை எவரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கடல் அமைதியாயிருப்பினும் பிள்ளைகளைத் தனியே இறங்க விடற்க.

மீளும் வழியில்

நாம் புறப்படும்போது மேற்கே பனைகளின் பின்னே செவ்வானம் படர்ந்திருந்தது. கூழ் காய்ச்சிய முதியவர் சொன்ன சொல் தவறாது எமக்கும் ஆளுக்கொரு பிளாவில் வார்த்துத் தந்தார். காரம் தாங்காது சிறுவன் தவித்தபோது, அவ்வழியே மீண்டும் குடத்துடன் வந்த ஆச்சி, தம் குடத்திலிருந்து அவன் உள்ளங்கைகளில் நீர் வார்த்தார். அவன் குடித்து முடித்து, “உப்பே இல்லை!” என்றான். கடலுக்கு நூறடி தொலைவில் நின்றுகொண்டு அவன் சொன்ன அச்சொல்லில் எத்தனை வியப்பு! ஆச்சி அவன் தலையைத் தடவி, “அடுத்தமுறை வரேக்கையும் இப்பிடியே இருக்கோணும் ராசா” என்றார். அது வாழ்த்தா, வேண்டுதலா என்று எமக்குத் தெரியவில்லை.

பண்ணைப் பாலத்தை நெருங்கியபோது இருள் சூழ்ந்துவிட்டது. எதிரே ஒரு பவுசர் விளக்கொளியுடன் வந்து எம்மைக் கடந்து சென்றது. வரும்போது கேட்ட கேள்வியை மருமகன் மறந்திருப்பான் என்று எண்ணினோம். அவனோ, அரைத்தூக்கத்திலிருந்த எம் மகளைத் தட்டியெழுப்பி, “மச்சாள், அங்கே பார்! தண்ணீர் வண்டி. அதைச் சிந்தாமற் கொண்டுபோகவேண்டும்” என்றான்.

அவனுடைய வெறும் பை மடிமீது கிடந்தது. அதன் மூலையில் ஒட்டியிருந்த சில மணற் பருக்கைகள் விளக்கொளியில் மினுங்கின.